சென்னையில் ஆர்கிட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சென்னை வீடுகளில் அதிகம் வளரும் ஆர்கிட்கள் டென்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ், வாண்டா ஆகிய மூன்றும்தான். மூன்றும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் இனங்கள். காற்று படாத இடத்தில் இவற்றின் வேர் நிலைக்காது. இலையில் தெரியும் கோளாறுகளில் பலவும் வேரில் தொடங்கியவை என்பதால், எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் வேரைப் பாருங்கள். மருந்து வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும் நனைந்தால் பச்சையாகவும் இருக்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாக நிற்கும். செத்த வேர் பழுப்பாகி, அழுத்தினால் சப்பையாகும். லேசாக இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். தேங்காய் மட்டையில் வளர்ந்த வேர் சாயம் ஏறிப் பழுப்பாகத் தெரியும், ஆனால் கெட்டியாக இருக்கும். அதைச் செத்த வேர் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

## இலை சுருங்கித் தொங்குகிறது, தண்டு வற்றுகிறது

தண்ணீர் போதாமல் இருந்தாலும் இலை இப்படித்தான் ஆகும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இப்படித்தான் ஆகும். வேரைப் பார்க்காமல் தண்ணீரைக் கூட்டுவது, பாதி அழுகிய செடியை முழுதாக அழுகவைக்கும்.

வேர் கெட்டியாக, வெள்ளியாக இருக்கிறது. தொட்டி கனமே இல்லை

தாகம்தான், வேறொன்றுமில்லை. தொட்டியோடு பக்கெட் தண்ணீரில் 15 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, முழுதாக வடியவிடுங்கள். அதன்பிறகு தண்ணீர் விடும் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

மரக்கரியும் உடைத்த ஓட்டுத் துண்டும் போட்ட மண்தொட்டி டென்ட்ரோபியத்துக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை தினமும் காலையில் ஒரு முறை தேவை. மரப்பட்டையில் இருக்கும் ஃபலனாப்சிஸுக்குக் கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறையும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையும் போதும். கூடையில் தொங்கும் வாண்டாவுக்குக் கத்திரி வெயிலில் காலையில் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஒரு முறை. இரண்டு தடவையும் வேர் முழுக்கப் பச்சையாகும் வரை நனைக்க வேண்டும். மேலாக ஸ்பிரே அடித்துவிட்டுப் போவது வாண்டாவுக்குப் பத்தாது. எந்தச் செடிக்கும் அந்தி சாய்ந்தபிறகு தண்ணீர் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைக் கழுவித் தொட்டியின் நடுவில் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி ஈரமாக வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

வேர் பழுப்பாகி நசுங்குகிறது

அழுகல். காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, அல்லது ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டி. தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அடுத்தது, நர்சரியிலிருந்து வந்தபோதே வேரின் நடுவில் இருந்த ஸ்பேக்னம் பாசி (செடி நடப் பயன்படும் உலர்ந்த பாசி) உருண்டை. வாங்கிய ஃபலனாப்சிஸ் பலவற்றில் இது இருக்கும். மேலே பட்டை காய்ந்து கிடக்கும்போதும் இந்த உருண்டை நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூன்றாவது, மட்கிப்போன தேங்காய் மட்டை. சென்னையின் சூட்டிலும் ஈரத்திலும் மட்டைத் துண்டு இரண்டாவது மழைக்காலத்துக்குள் கூழாகத் தொடங்கிவிடும். கடைசியாக, தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் கலந்து நட்டிருப்பது. ரோஜாவுக்குச் செய்வதை ஆர்கிட்டுக்குச் செய்தால் வேருக்கு மூச்சு முட்டும்.

தட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தொட்டி மாற்றுவதே தீர்வு:

1. தொட்டியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஒட்டியிருக்கும் வேர் ஒடியாமல் விடும்.
2. பழைய கலவையையும் பாசி உருண்டையையும் ஒரு துணுக்கு விடாமல் எடுத்துவிடுங்கள்.
3. கத்தரிக்கோலை கேஸ் அடுப்புத் தீயில் காட்டி ஆறவிட்டு, செத்த வேரை மட்டும் வெட்டுங்கள். அடுத்த செடிக்குப் போகும்முன் மறுபடி தீயில் காட்டுங்கள்.
4. வெட்டுவாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூள் தொட்டு வையுங்கள். இந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். நல்ல வேரின்மேல் கொட்டினால் அதுவும் காயும்.
5. ஒரு நாள் நிழலில் உலரட்டும்.
6. வேர்க்கொத்து அடங்கும் அளவுக்கு மட்டுமே தொட்டி எடுங்கள். 4 அல்லது 5 அங்குலம் போதும். இலையின் அளவைப் பார்த்துப் பெரிய தொட்டி வாங்குவதுதான் அழுகலின் ஆரம்பம். டென்ட்ரோபியத்துக்குப் பக்கவாட்டில் ஓட்டையுள்ள மண்தொட்டி. ஃபலனாப்சிஸுக்கு வேர் வெளியே தெரியும் பிளாஸ்டிக் தொட்டி.
7. டென்ட்ரோபியத்துக்கு மரக்கரியும் உடைத்த ஓடும் சரிபாதி, 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக. இஸ்திரி போடுபவர்கள் வாங்கும் கரியே போதும். தூசியைக் கழுவி ஓர் இரவு ஊறப்போடுங்கள். ஃபலனாப்சிஸுக்கு பைன் பட்டை இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு. மட்டைதான் கிடைக்கிறது என்றால் தினம் தண்ணீர் மாற்றி, சாயம் இறங்குவது நிற்கும் வரை ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.
8. தண்டின் அடிப்பாகம் கலவைக்கு மேலேயே இருக்கட்டும். ஒரு குச்சி நட்டுச் செடியை ஆடாமல் கட்டுங்கள். ஆடும் செடியில் புது வேரின் நுனி உரசி உடைந்துகொண்டே இருக்கும்.

நட்டபிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். காலையில் இலைக்கு மட்டும் மெல்லிய தெளிப்பு. புது வேர் தெரியும் வரை உரம் கூடவே கூடாது.

ஒரு வேர்கூட மிஞ்சவில்லை

நனைத்துப் பிழிந்த பாசியை ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் பரப்பி, ஃபலனாப்சிஸின் அடித்தண்டு பாசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து மூடுங்கள். வெளிச்சமுள்ள, வெயில் விழாத அறைக்குள் இருக்கட்டும்; மே மாதத்தில் பால்கனியில் வைத்தால் டப்பாவுக்குள் செடி வெந்துவிடும். தினம் ஒரு முறை திறந்து காற்று விடுங்கள். புது வேர் வர ஒன்றிலிருந்து இரண்டு மாதம் பிடிக்கும். டென்ட்ரோபியத்தில் தண்டு இன்னும் கெட்டியாக இருந்தால், அதை வெட்டி ஈரப் பாசிமேல் படுக்கவையுங்கள். கணுவிலிருந்து குட்டி வரும்.

ஏற்கெனவே சுருங்கிய இலை பழையபடி நிமிராமல் போகலாம். அதை வைத்துச் செடியை எடைபோடாதீர்கள். அடுத்து வரும் இலையும் வேருமே பிழைத்ததற்கு அடையாளம்.

## இலை மஞ்சளாகிறது

அடியில் உள்ள ஒரே ஒரு இலை மெல்ல மஞ்சளானால் அது வயது, தானாக உதிரட்டும். டென்ட்ரோபியத்தின் பழைய தண்டு இலை முழுதையும் உதிர்த்துவிட்டு நிற்பதும் இயல்புதான். அந்த மொட்டைத் தண்டை வெட்ட வேண்டாம். அதில் சேமிப்பு இருக்கிறது, நுனியில் மறுபடியும் பூக்கலாம்.

செடி முழுதும் வெளிறி, இலை ஓரம் செம்மை கண்டால் வெளிச்சம் அதிகம். அடி இலைகள் இரண்டு மூன்று ஒரே சமயத்தில் மஞ்சளானால் மேலே சொன்ன வேர்ச் சோதனைக்குப் போங்கள். நடுக்குருத்தோ தண்டின் அடியோ மஞ்சளானால் தாமதிக்கக் கூடாது; கீழே ‘இலையில் திட்டு, கறுப்பு, ஈரம்’ பகுதியைப் பாருங்கள்.

## இலையில் திட்டு, கறுப்பு, ஈரம்

ஒரு பேனாவால் திட்டின் விளிம்பைச் சுற்றிக் கோடு போடுங்கள். மறுநாள் காலையில் பாருங்கள். கோட்டுக்குள்ளேயே நின்றிருந்தால் அவசரம் இல்லை. கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே வெட்ட வேண்டும்.

காய்ந்த, வெளிறிய திட்டு, பரவவில்லை

வெயில் சுட்டது. மேற்குப் பார்த்த பால்கனியிலும், நர்சரி நிழலிலிருந்து நேராக மொட்டைமாடிக்குப் போன செடியிலும் வரும். நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கையைவிடச் சூடாக இருந்தால் சுடும் எல்லைக்கு வந்துவிட்டது. டென்ட்ரோபியம், வாண்டாவுக்கு 50 சதவீத நிழல்வலை, ஃபலனாப்சிஸுக்கு 75 சதவீதம். வலை செடிக்கு மிக நெருக்கமாக இருந்தால் வலையின் சூடும் சேர்ந்துகொள்ளும், இரண்டு மூன்று அடி மேலே கட்டுங்கள். சுட்ட இலையை வெட்டத் தேவையில்லை. மிச்சப் பச்சை வேலை செய்யும்.

சிறு புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், மெதுவாகக் கூடுகிறது

பூஞ்சை. முதலில் செடிகளைத் தள்ளிவைத்துக் காற்று போக வழி செய்யுங்கள், இலை நனையாமல் தண்ணீர் விடுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மட்டும் மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி ஒரு லிட்டருக்கு 2 கிராம், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. கையுறையும் முகக்கவசமும் போட்டு, காற்றில்லாத மாலையில் தெளியுங்கள். கீழ்வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீர் கோத்ததுபோல் மெத்தென்ற திட்டு, துர்நாற்றம், ஒரே நாளில் பரவுகிறது

பாக்டீரியா அழுகல். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, செடியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். திட்டுக்கு அப்பால் நல்ல இலையில் 2 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். வெட்டுவாயில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு முறை விட்டுத் துடைத்து, செடியைத் தனியே மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மூன்று நாள் தண்ணீர் இல்லை. மான்கோசெப் பாக்டீரியாவைத் தொடாது. அதை அடித்துவிட்டுக் காத்திருப்பதில் செடி போய்விடும். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் உதவும். ஆனால் டென்ட்ரோபியத்துக்குச் செம்பு மருந்து ஒத்துக்கொள்ளாது, இளந்தளிரும் மொட்டும் கருகும். அதற்குக் கத்தியும் காற்றும் மட்டுமே.

ஃபலனாப்சிஸின் நடு இலை இழுத்தால் கையோடு வருகிறது

குருத்தில் தண்ணீர் தங்கி அழுகியிருக்கிறது. தளர்ந்த இலைகளை எடுத்து, பெராக்சைடை ஊற்றி நுரை அடங்கியதும் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். நுரை வருவது நிற்கும் வரை தினம் ஒரு முறை. வளர்முனை போய்விட்டால் அந்தத் தண்டு மேலே வளராது. வேரும் அடி இலைகளும் நன்றாக இருந்தால் பக்கத்தில் குட்டி வர வாய்ப்புண்டு, ஆகவே உடனே தூக்கிப் போட வேண்டாம். இனி வராமலிருக்க, மழைக்காலத்தில் தொட்டியை லேசாகச் சாய்த்துத் தொங்கவிடுங்கள்.

டென்ட்ரோபியத் தண்டு அடியிலிருந்து கறுத்து ஏறுகிறது

கருத்தண்டு அழுகல். வெட்டுமுகம் முழுக்கச் சுத்தமான பச்சை வெள்ளையாகத் தெரியும் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். பழுப்பு வளையம் சிறிது இருந்தாலும் நோய் உள்ளே இருக்கிறது. பிறகு மெட்டலாக்சில், மான்கோசெப் கலந்த பொடி லிட்டருக்கு 2 கிராம். ஒரே வாரத்தில் மூன்று நான்கு தொட்டிகளில் இது கண்டால் நீங்களாக மருந்து மாற்றி மாற்றி அடிக்காமல் தோட்டக்கலை அலுவலரிடம் மாதிரியைக் கொண்டுபோங்கள்.

## செடி நன்றாக இருக்கிறது, பூக்கவில்லை

பூக்காத செடிக்கு முதலில் உரம் வாங்கத் தோன்றும். முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம்.

டென்ட்ரோபியம், வாண்டா

இலை கரும்பச்சையாகப் பளபளத்தால் வெளிச்சம் பத்தவில்லை. வெளிர்பச்சைதான் பூக்கும் செடியின் நிறம். நண்பகலில் இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள்: நிழலின் விளிம்பு மங்கலாக, ஆனால் விரல்கள் பிரிந்து தெரிந்தால் டென்ட்ரோபியத்துக்குச் சரி. நிழலே விழவில்லை என்றால் அங்கே அது பூக்காது. எதிர் அபார்ட்மென்ட் மறைக்கும் பால்கனிகளில் இதுதான் நிலைமை. செடியைக் கிரில்லின் வெளி விளிம்புக்கு நகர்த்துங்கள், முடியாவிட்டால் மொட்டைமாடி நிழல்வலை. கிழக்குப் பார்த்த பால்கனியில் மூன்று நான்கு மணி நேரக் காலை வெயில் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

டென்ட்ரோபியத்துக்கு அடுத்த சோதனை தண்டின் உயரம். ஒவ்வொரு புதுத் தண்டும் முந்தையதன் உயரத்தையாவது எட்ட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகிக்கொண்டே போனால் வெளிச்சத்தோடு வேரும் உணவும் குறைகின்றன. வளரும் பருவத்தில் 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு முறை, நனைந்த வேரில். நான்காவது வாரம் வெறும் தண்ணீர். காய்ந்த வேரில் உரத்தண்ணீர் விட்டால் நுனி கருகும். வெளிச்சம் போதாத இடத்தில் எந்தப் பூ உரமும் வேலை செய்யாது, அந்தப் பணத்தை நிழல்வலைக்குச் செலவழியுங்கள்.

ஃபலனாப்சிஸ்

இதற்கு வெளிச்சத்தைவிடக் குளிர்ச்சியே சாவி. வெப்பம் ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இறங்கினால்தான் பூந்தண்டு கிளம்பும். 28, 29 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை மட்டும் போடும். சென்னையில் இயற்கையாக இதற்கு நெருங்குவது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரைதான். அப்போதும் பகல் சூடு ஏறிவிடுவதால் சில ஆண்டு பூக்கும், சில ஆண்டு ஏமாற்றும். அந்த மாதங்களில் செடியைக் காற்றோட்டமுள்ள ஜன்னலருகே வையுங்கள். நம்பகமான வழி, தினமும் ஏசி ஓடும் அறையின் வெளிச்சமான ஜன்னலோரம், ஏசிக் காற்று நேரே படாத இடத்தில், ஒன்றரை மாதம் வைப்பது. தண்டு விரல் நீளம் வந்தபிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள், பூ வரிசை கோணலாகும்.

வேர் பாதி போன செடி பூந்தண்டு விட்டால் அந்தத் தண்டை வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனால் அந்தப் பூ செடியின் கடைசிச் சேமிப்பில் வருவது.

## மொட்டு விரியாமல் உதிர்கிறது

கடையிலிருந்து வந்த முதல் வாரம் என்றால் இட மாற்றம். ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டில் மாம்பழம், வாழைப்பழம் பழுக்க வைத்திருக்கிறீர்களா, பூஜை அறையில் சாம்பிராணிப் புகை போகிறதா என்று பாருங்கள். பழமும் புகையும் வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டை மஞ்சளாக்கும். அடுத்து அனல்காற்றும் ஏசிக் காற்றும். மொட்டு கோணலாகி, ஓரம் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளின்மேல் பூங்கொத்தைத் தட்டினால் மெல்லிய பூச்சிகள் ஓடும்.

## தொட்டியில் வெள்ளைப் படிவு, வேர் நுனி கருகல்

தண்ணீரில் உப்பு. சென்னையில் போர்வெல் தண்ணீரையே நம்பும் வீடுகளில் தவறாமல் வரும் பிரச்சினை. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 200 பிபிஎம்முக்குள் இருந்தால் நிம்மதி. 500ஐத் தாண்டினால் வேறு தண்ணீர் தேடுங்கள்.

மழைநீர்தான் முதல் தேர்வு. முதல் சில நிமிட மழை மாடித் தூசியோடு வரும், அதை விட்டுவிட்டுப் பிடியுங்கள். டிரம்மின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் டெங்கு கொசு வளரும். ஏசி வடிகுழாயின் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இருக்காது. ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீர் நல்லது, கழிவாக வெளியேறும் தண்ணீர் போர்வெல்லைவிடக் கேடு. அபார்ட்மென்ட் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம். அதில் சுண்ணாம்புக்குப் பதிலாக சோடியம் ஏறியிருக்கும், சோப்பு நன்றாக நுரைத்தாலும் வேருக்கு ஆகாது.

படிந்த உப்பை வெளியேற்ற, தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கைந்து மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். மாதம் ஒரு முறை போதும். படிவு போகாத பழைய மண்தொட்டியை மாற்றிவிடுங்கள்.

## பூச்சிகள்

எறும்பு ஏறுகிறதா? அப்படியானால் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ எங்கோ இருக்கிறது. இலைக்கவட்டிலும் தண்டின் காய்ந்த உறைக்குள்ளும் பாருங்கள். உறையை உரித்து எடுத்துவிடலாம். 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், வாரம் ஒரு முறை, நான்கு வாரம் விடாமல். இரண்டாம் வாரத்தில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. அதிகமானால் வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1 மி.லி., தண்ணீர் 1 லிட்டர். சூரியன் இறங்கியபிறகு தெளியுங்கள். வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும்.

இலையடி வெள்ளி மினுமினுப்பாகி மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. கோடையில் வரும், காலையில் இலையடியைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதே பெரும்பாலும் போதும். மழையில் வேர் நுனி கடிபட்டிருந்தால் நத்தை. இரவு டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

## பூவுக்குப் பதில் தண்டில் குட்டிச் செடி

டென்ட்ரோபியத்தில் வேர் நோவு, வெளிச்சக் குறைவு, தழைச்சத்து மிகுதி மூன்றில் ஒன்று. குட்டியின் வேர் 5 செ.மீ. ஆனதும் பிரித்துச் சிறு தொட்டியில் நடுங்கள். தாய்ச்செடியின் வேரைச் சோதியுங்கள்.

## இலையில் கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ நிறமாற்றம், பூவில் நிறம் உடைந்து திட்டு

வைரஸ் சந்தேகம். சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடோன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் ஆகிய இரண்டும் ஆர்கிட்களில் பரவலானவை. இரண்டுக்கும் மருந்து இல்லை. ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. சிலந்தித் தாக்குதலும் சத்துக் குறைவும் இதே தோற்றம் தரும். செடியை முதலில் தனிமைப்படுத்துங்கள், அதற்கென ஒரு பிளேடு ஒதுக்குங்கள், அதன் வடிநீர் வேறு தொட்டியில் விழக்கூடாது. அடுத்த இலையும் அப்படியே வந்தால், ஒற்றை மலிவுச் செடி என்றால் பையில் கட்டிக் குப்பையில் போடுவதே சரி, உரக்குழிக்குப் போகக்கூடாது. விலையுயர்ந்த இனமோ பெரிய சேகரிப்போ என்றால் ஆய்வகச் சோதனைக்கான செலவு தகும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் மாதிரி எப்படி அனுப்புவது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான ஆலோசனைக்குக் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழில் பேசலாம். கேட்கும்முன் இலையின் இரு பக்கம், வேர், தொட்டியின் அடி மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, தண்ணீரின் டிடிஎஸ், கடைசியாக அடித்த மருந்தின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.